போக இரண்டு மணி நேரம், வர நான்கு மணி நேரம்

லிஸ்பனில் வேலை கிடைத்திருக்கிறது என்று மகள் சொன்ன அன்று, நியூவார்க்கிலிருந்து லிஸ்பன் எவ்வளவு தூரம் என்று நான் பார்க்கவில்லை. நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆம்ஸ்டர்டாமுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று தேடினேன். வான்வழியில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது சொச்சம். சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆம்ஸ்டர்டாமில் பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பும் விமானம் லிஸ்பனில் இரண்டுக்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. அடேங்கப்பா, இரண்டே மணி நேரம்தானா என்று இருந்தது.

திரும்பி வருவதையும் பார்த்தேன். மூன்று மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு இறங்குகிறது. போக இரண்டு, வர நான்கு. என் மனைவி அடுப்புப் பக்கம் நின்றபடி, "அதெப்படிங்க அப்படி?" என்று கேட்டாள். "எதிர்க்காத்து" என்றேன். இன்ஜினியர் ஆயிற்றே, தெரியாது என்று சொல்ல வாய் வருமா? அட்லாண்டிக் பக்கமிருந்து காற்று எப்படி வீசும், விமானம் அதை எப்படி எதிர்த்துப் போகும் என்று கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, நம்ம பொண்ணு லிஸ்பனுக்குப் போறா. ஆம்ஸ்டர்டாம் எதுக்கு?" என்றாள்.

"சும்மா" என்றேன்.

ஆம்ஸ்டர்டாமில் என் தங்கை இருக்கிறாள். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அப்போது அவளோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

தூரத்தை அளக்கும் இந்தப் புத்தி எனக்கு எப்போது வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. நியூ ஜெர்சியில் இருபத்தாறு வருடம் இருந்தவனுக்கு அது வராமல் இருக்காது. இங்கே நாங்கள் யாரும் மைல் கணக்கில் பேசமாட்டோம். கோயில் பன்னிரண்டு நிமிடம், எடிசன் மளிகைக் கடை முப்பது நிமிடம், ஏர்போர்ட் நாற்பது, ட்ராஃபிக் இருந்தால் விதி விட்ட வழி. ஆனால் நான் ஒரு படி மேலே போனேன். திருச்சியில் தனியாக இருந்த அம்மா ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, யார் போவது என்று எனக்கும் தங்கைக்கும் போனில் ஒரே இழுபறி. அன்று மாலை நான் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். அவள் வீட்டு வாசலிலிருந்து அம்மா வீட்டு வாசல்வரை எத்தனை மணி நேரம், என் வாசலிலிருந்து எத்தனை மணி நேரம் என்று இரண்டு பத்தி. யாருக்குத் தூரம் குறைவோ அவர் முதலில் போக வேண்டும். மற்றவர் நிலைமையைப் பார்த்துக்கொண்டு பின்னால் வரலாம். குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு, பெரிய நியாயஸ்தன் மாதிரி, "இதுல யாருக்கும் கஷ்டம் இல்ல பாரு" என்று வேறு எழுதினேன்.

யாருக்கும் கஷ்டம் இல்லையாம்! ஆம்ஸ்டர்டாமிலிருந்து இந்தியா எனக்கு ஆகும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி. ஷீட் எத்தனை முறை திறந்தாலும் ஒரே பெயரைத்தான் காட்டும். இடுப்பு எலும்புக்கு அவள் போனாள். கண் ஆபரேஷனுக்கு அவள் போனாள். மூச்சுத் திணறல் என்று மூன்று முறை போனாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள், பிறகு அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லி அழைத்துக்கொண்டு போனாள், பிறகு கணவரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். நான் வீடியோவில் வந்து, "என்னம்மா, எங்களையெல்லாம் பயமுறுத்திட்டியே" என்று சிரிப்பேன். நான் நிஜமாகவே நல்ல பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து, ஆள், டாக்டர் எல்லாவற்றுக்கும் இங்கிருந்தே ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தேன் அல்லவா?

ஆறாவது முறை ஐசியு. தங்கை வழக்கம்போல முதலில் போய்ச் சேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மதியம், அங்கே இரவு. போன் பண்ணினாள்.

"அண்ணா, இந்தத் தடவை வேற மாதிரி இருக்கு. கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன். ஏர்போர்ட்டுக்குத்தான் போயிட்டு இருக்கேன்."

நான் அப்போது ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வார இறுதியில் ஒரு பெரிய சிஸ்டத்தை மாற்றிப் போடுகிறோம். இரண்டு வருட வேலை. நான் இல்லாமல் நடக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஐந்து முறை எழுந்து உட்கார்ந்த அம்மா ஆறாவது முறையும் உட்காருவாள் என்று இன்னொரு நினைப்பு. டிக்கெட்கூடப் போடவில்லை. மறுநாள் சாயந்தரம் கிளம்பிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு பொய் சொன்னால் அது தனியாக நிற்குமா? சனிக்கிழமை காலை, வீட்டு பேஸ்மென்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு, "கனெக்‌ஷன் விட்டுப்போச்சு. ஆம்ஸ்டர்டாம்ல மாட்டிக்கிட்டேன். அடுத்த ஃப்ளைட் நாளைக்குத்தான்" என்றேன். அவள் ஊர்ப் பெயரையே சொன்னேன் பாருங்கள், கொழுப்புத்தான். இந்தியா போகும்போதெல்லாம் அந்த ஊரில்தான் விமானம் மாறுவேன். அந்த வழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் உடனே, "அப்ப வீட்டுக்குப் போ அண்ணா. அவரை வரச் சொல்றேன், வந்து கூட்டிட்டுப் போவாரு" என்றாள். "வேண்டாம் வேண்டாம், ஏர்போர்ட்டுலயே ஹோட்டல் குடுத்துட்டாங்க" என்று அவசர அவசரமாகச் சொல்லி வைத்தேன். பதினான்கு வருடமாக அந்த ஏர்போர்ட்டில் இறங்கி ஏறியிருக்கிறேன். அங்கிருந்து அவள் வீட்டுக்கு ரயிலில் இருபது நிமிடம். ஒரு முறைகூடப் போனதில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிக்கொண்டே வந்தாயிற்று.

அன்று மாலைதான் நிஜமாக நியூவார்க்கில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்ஸ்டர்டாமில் இறங்கி போனை ஆன் செய்தபோது செய்தி வந்திருந்தது. சொன்னபடி வெள்ளிக்கிழமை ஏறியிருந்தால், அம்மா போவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்திருப்பேன். இந்தக் கணக்கை மட்டும் நான் தப்பாகப் போடவில்லை. அன்றிலிருந்து தினமும் போட்டுப் பார்க்கிறேன், விடை மாறவில்லை.

திருச்சியில் என்னைப் பார்த்ததும் தங்கை அழவில்லை, திட்டவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். பதின்மூன்றாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உன் எக்ஸெல்லேர்ந்து என் பேரை எடுத்துடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதாவது, கோபம் வந்த மாதிரி கத்தினேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டதைச் சொல்லிக் காட்டுகிறாயா, நான் ஒன்றுமே செய்யவில்லையா, உனக்கு ரொம்ப ஏறிப்போச்சு, இனிமேல் எனக்கும் உனக்கும் பேச்சே வேண்டாம் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் பாயை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பேச்சே இல்லை என்றால், ஆம்ஸ்டர்டாமில் எந்த ஹோட்டலில் இருந்தாய் என்று அவள் கேட்கமாட்டாள் அல்லவா? சண்டை போட்டுக்கொண்டால் கேள்விக்கு இடமில்லை. மூன்று வருடம் அதைக் காப்பாற்றி வந்தேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. மகள் லிஸ்பன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்களுக்குக் காலை ஒன்பதேகால். நான் சென்னை டீமோடு மீட்டிங்கில் இருந்தேன். மனைவி அறைக்குள் வந்து என் ஹெட்செட்டைக் கழற்றினாள். அவள் அப்படிச் செய்பவள் இல்லை. கையிலிருந்த போனில் மகளின் குரல்.

"அப்பா, டோன்ட் பேனிக், ஓகே? இட்ஸ் ஜஸ்ட் மை அப்பெண்டிக்ஸ்."

ஜஸ்ட்டாம்! முந்தின நாளிலிருந்து வயிற்று வலி, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இவளே மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாள், பகலில் வலி தாங்காமல் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே அப்போது மதியம் இரண்டு தாண்டியிருந்தது. ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களாம். "கூட யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டேன். ஆபீஸில் சிலரைத் தெரியும், ஆனால் அந்த அளவுக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தமிழில், "பரவால்லப்பா" என்றாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண். அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொன்னதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

மனைவி அதற்குள் டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டாள். நியூவார்க்கிலிருந்து சாயந்தரம்தான் விமானம். போய் இறங்கும்போது அங்கே மறுநாள் விடிந்திருக்கும். இரண்டு டிக்கெட் போட்டாள். போட்டு முடித்து, நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மயக்கம் தெளிஞ்சு முழிக்கும்போது பக்கத்துல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க."

"நர்ஸ் இருப்பாங்க."

"நர்ஸ் அம்மாவா? பாஷைகூடத் தெரியாத ஊருல குழந்தை தனியாக் கெடக்கும். உங்க தங்கச்சிக்குப் போன் பண்ணுங்க."

"அவளுக்கு இன்னிக்கு வேலை நாள்..."

"என்னங்க," என்றாள். அவ்வளவுதான். ஆனால் இருபத்தைந்து வருடத்தில் அந்த 'என்னங்க'வை நான் இரண்டு மூன்று முறைதான் கேட்டிருக்கிறேன்.

போனை எடுத்துக்கொண்டு பின்பக்க டெக்குக்கு, வீட்டை ஒட்டிய மரத்தளத்துக்குப் போனேன். முதலில் தங்கையைக் கூப்பிடவில்லை. என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது: விமான நேரம் பார்த்தேன். ஆம்ஸ்டர்டாமில் ஐந்தரைக்கு ஒன்று கிளம்புகிறது, லிஸ்பனில் ஏழரைக்கு இறங்குகிறது. இரண்டு மணி நேரம். ஆபரேஷன் முடிவதற்குள் போய்விடலாம். எதைச் சொல்லிக் கேட்பது என்று யோசித்தேன். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு, நீ பக்கத்தில் இருக்கிறாய் என்று எந்த முகத்தோடு சொல்வது? எந்த வார்த்தையால் அவளை ஐந்தாறு முறை ஓட ஓட விரட்டினேனோ, அதே வார்த்தையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிறகு உதவி கேட்கலாமா? உதவிக்காகக் கேட்கிற மன்னிப்பு என்ன மன்னிப்பு? டெக்கில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லு."

மூன்று வருடம் கழித்து அந்தக் குரல். நலம் விசாரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"பாப்பாவுக்கு அப்பெண்டிக்ஸ், ஏழு மணிக்கு ஆபரேஷன், நாங்க நாளைக்குக் காலையிலதான் போய்ச் சேருவோம். அஞ்சரைக்கு உங்க ஊர்லேர்ந்து ஒரு ஃப்ளைட் இருக்கு. ரெண்டு மணி நேரம்தான், நீ ஒரு..."

"மூணு."

"இல்ல, நான் பார்த்தேன். அஞ்சரைக்குக் கிளம்பி ஏழரைக்கு..."

"லிஸ்பன் கடிகாரம் எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னாடி அண்ணா. மூணு மணி நேரம். வரும்போது நாலுன்னு காட்டும், அதுவும் மூணுதான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்; நடந்துகொண்டே பேசுகிறாள் என்று தெரிந்தது. "எனக்குன்னா மட்டும் உன் கணக்கு எப்பவும் குறைச்சுத்தான் வரும், இல்ல?"

தினமும் சென்னை நேரத்தையும் நியூ ஜெர்சி நேரத்தையும் கூட்டிக் கழித்துச் சோறு தின்கிறவன் நான். ஐரோப்பாவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. அங்கே எல்லாருக்கும் ஒரே கடிகாரம் என்று நினைத்திருந்தேன். எதிர்க்காற்றாம், எதிர்க்காற்று!

"சரி, மூணு," என்றேன். "உன்னால..."

"நான் ஏர்போர்ட் செக்யூரிட்டி லைன்ல நிக்கறேன். உனக்குப் பண்றதுக்கு முன்னாடியே அவ எனக்குப் போன் பண்ணிட்டா. பெல்ட்டைக் கழட்டணும், வை."

வைத்துவிட்டாள்.

நான் உள்ளே போனேன். மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. எனக்குப் புரிந்தது. "அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறது உனக்குத் தெரியுமா?"

"வாரம் ஒரு தடவை பேசுவாங்க. லிஸ்பன்ல வீடு பார்த்துக் குடுத்ததே அவங்கதான். ஊருக்கெல்லாம் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது."

முகத்தில் தண்ணீரை அடித்த மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் அத்தையைக் கூப்பிட்டிருக்கிறாள் என் மகள். பொறாமையாக இருந்தது, அவமானமாக இருந்தது, அதற்குள்ளேயே, அப்பாடா, குழந்தை தனியாக இருக்கமாட்டாள் என்று ஒரு குளிர்ச்சியும் இருந்தது. சட்டையை இஸ்திரி போடுகிறேன் என்று போய், அயர்ன் பாக்ஸின் பிளக்கைச் சொருகாமல் நாலு சட்டை தேய்த்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டுப் பிளக்கைச் சொருகிவிட்டுப் போனாள்.

நாலரை மணிக்கு ஏர்போர்ட் போகும் ஹைவேயில் இருந்தபோது செய்தி வந்தது. தங்கைதான். மூன்று வருடமாக வெறும் குட்மார்னிங் படங்களாக ஓடிக்கொண்டிருந்த குடும்ப குரூப்பில் போட்டிருந்தாள்: "முழிச்சுட்டா. நல்லா இருக்கா. அம்மான்னு கூப்பிட்டா, நான் இருக்கேன்னு சொன்னேன்." மனைவிதான் கார் ஓட்டினாள். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். கடைசி வரியைப் படிக்க முடியவில்லை. அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே நியூவார்க் போய்ச் சேர்ந்தோம்.

லிஸ்பனில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜன்னல் ஓரக் கட்டிலில் மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளுத்துப்போயிருந்தாள், ஆனால் சிரித்தாள். "அப்பா, அத்தை இஸ் ஹிலேரியஸ்," என்றாள். அத்தை ராத்திரி முழுக்க நர்ஸிடம் தமிழிலேயே பேசியிருக்கிறாள், நர்ஸ் போர்ச்சுகீஸிலேயே பதில் சொல்லியிருக்கிறாள், இருவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கப் போய், தையல் இழுத்து, "ஆவ்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மனைவி கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நான் தங்கையைப் பார்த்தேன். காதோரம் முடி நன்றாகவே நரைத்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததில் ஒரு கன்னத்தில் கைவிரல் தடம் இருந்தது. அம்மாவின் ஆஸ்பத்திரிகளில் எத்தனை நாற்காலிகளில் இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் கிளம்பறேன். சாயந்தரம் பையனை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும், அவருக்கு இன்னிக்கு மீட்டிங்."

மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், மனைவியின் கையைப் பிடித்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். நான் பின்னாலேயே லிஃப்ட்வரை போனேன். லிஃப்ட் கீழே எங்கேயோ நின்றிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் நான் ஆயுசுக்கும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"நான் அன்னிக்கு வெள்ளிக்கிழமை கிளம்பல," என்றேன்.

அவள் லிஃப்ட் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஐசியுல இருந்தப்ப. ஏர்போர்ட் போயிட்டு இருக்கேன்னு சொன்னேன்ல, பொய். கனெக்‌ஷன் விட்டுப்போச்சுன்னு சொன்னதும் பொய். நான் அப்ப ஆம்ஸ்டர்டாம்லயே இல்ல. வீட்டுல இருந்தேன். டிக்கெட்டே சனிக்கிழமைதான் போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உன் பெட்டியை யாரு உள்ள தூக்கிட்டுப் போனது? கைப்பிடியில டேக் ஒட்டியிருந்துச்சு. நியூவார்க், சனிக்கிழமை தேதி." சாதாரணமாகத்தான் சொன்னாள். "வீடு பூரா சொந்தக்காரங்க. சித்தப்பா கண்ணுல பட்டா சும்மா விடுவாரா? கிழிச்சுப் போட்டுட்டேன்."

மூன்று வருடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, நான் கத்தியதையெல்லாம் வாங்கிக்கொண்டு பாயைச் சுருட்டியிருக்கிறாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு. என் பொய்யையும் கேளு. நீ ஆம்ஸ்டர்டாம்ல மாட்டிக்கிட்டேன்னு சொன்னதை நான் அப்ப நம்பினேன். அம்மா கண்ணைத் திறந்து நீ எங்கே இருக்கேன்னு கேட்டாங்க. எங்க ஊர்லதான் இருக்கான், நாளைக்கு வந்துடுவான்னு சொன்னேன். அவங்களுக்கு மூஞ்சியெல்லாம் மலர்ந்துடுச்சு. 'உன் வீட்டுக்குப் போனானா? சாப்பிட்டானா?'ன்னு கேட்டாங்க."

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது.

"போனான்மா, நல்லா சாப்பிட்டான்னு சொன்னேன். என்ன குழம்புன்னாங்க. வத்தக்குழம்புன்னேன். 'அவனுக்குப் பிடிக்கும்'னாங்க. அப்புறம் அவங்க பேசல."

கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்று, மூடாமல் கையால் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரலில் அந்தப் பழைய அதட்டல் இருந்தது.

"நீ சொன்ன பொய்யை நீ பார்த்துக்கோ. நான் சொன்னது இன்னும் பொய்யாவே இருக்கு அண்ணா. எனக்கு அது ஒண்ணுதான் உறுத்துது."

"வரேன்," என்றேன். "கண்டிப்பா வரேன். எப்ப வரட்டும்?"

"வரேன்னு சொல்லாதே. டிக்கெட் போட்டுட்டுச் சொல்லு."

கையை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. நான் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஆம்ஸ்டர்டாமுக்கு டிக்கெட் போட்டேன். போட்டதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியிருக்கமாட்டாள், அதற்குள் பதில் வந்துவிட்டது.

"சரி. பசியோட வா."